மந்த மகுடத்துக்கு எந்தத் தோல்? – நம்பிக்கைகளும் உண்மைகளும்

சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் கணியான் கூத்து பார்த்தவர்களுக்கு இரண்டு மகுடங்களைத் தெரிந்திருக்கும். ஒன்று உச்சம், மற்றது மந்தம். தலைமைப் பாடகரான அண்ணாவி கதையை எடுத்துப் பாட, உச்ச மகுடம் கணீரென்று முன்னே ஓடும். மந்த மகுடம் அடியில் நின்று பாட்டைத் தாங்கும். இரண்டுமே மரச்சட்டத்தில் தோலை ஒட்டி, பின்பக்கம் திறந்துவிட்ட ஒருமுகக் கருவிகள். விரல்களால் அடித்து வாசிக்கப்படுபவை. தாமிரபரணிக் கரையின் ஒலி என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் மந்த மகுடத்தைத்தான் சொல்வேன். அந்த மென்மை எங்கிருந்து வருகிறது என்பதில்தான் குழப்பம் அதிகம். பறைக்கும் உடுக்கைக்கும் தோல் வாங்குகிறவர்களும் இதே குழப்பத்தில் காசைக் கரைக்கிறார்கள்.

“தடித்த தோல் போட்டால் ஒலி மந்தமாகும்.” முதலில் கேட்கிற யோசனை இதுதான். பாதி சரி. தோல் முகத்தின் சுருதியை முடிவு செய்பவை மூன்று: முகத்தின் அகலம், தோலின் கனம், அது இழுபட்டு நிற்கும் விறைப்பு. கனம் கூடினால் சுருதி இறங்கும் என்பது உண்மை. ஆனால் தோலின் கனத்தை மட்டும் வைத்து ஒரு ஸ்தாயி இறக்க வேண்டுமென்றால் அது நான்கு மடங்கு கனத்தாக வேண்டும். அப்படிப்பட்ட தோல் விரலுக்குப் பேசாது. கம்பெடுத்து அடித்தால்தான் வாய் திறக்கும். விறைப்பை நான்கில் ஒரு பங்காக்கினாலும் அதே ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். அதற்குப் புதுத் தோல் தேவையில்லை.

இதற்குச் சாட்சி வில்லுப்பாட்டு மேடையிலேயே இருக்கிறது. உடுக்கைக்காரர் இடுப்புக் கயிற்றை இறுக்கிப் பிடிக்கும்போது குரல் ஏறுகிறது, பிடியைத் தளர்த்தினால் இறங்குகிறது. தோல் அதேதான், விறைப்பு மட்டுமே மாறுகிறது.

ஆனால் சுருதி தாழ்ந்திருப்பதும் ஒலி மென்மையாக இருப்பதும் ஒன்றல்ல. வட்டமான தோலைத் தட்டினால் அடிப்படை ஒலியோடு அதன் 1.59, 2.14, 2.30 மடங்கில் மேல் ஒலிகளும் கிளம்பும். முழு எண் விகிதத்தில் அமையாததால் இவை காதில் கலகலப்பாக விழுகின்றன. இவை சட்டென்று அடங்கினால் ஒலி மென்மை, நீடித்தால் கரகரப்பு. விலங்குத் தோல் நார் பின்னல் உள்ளது, ஈரத்தையும் கொஞ்சம் பிடித்து வைத்திருப்பது. அதனால் மேல் ஒலிகளைத் தானே விழுங்கிவிடுகிறது. ஆகவே தோல் பார்க்கும்போது தடிமனைவிடச் சீரைப் பாருங்கள். முதுகுத்தண்டு ஓடிய இடம் தடித்தும், வயிற்றுப் பக்கம் மெலிந்து நெகிழ்ந்தும் இருக்கும். இரண்டும் ஒரே முகத்தில் வந்தால் விறைப்பு பக்கத்துக்குப் பக்கம் மாறி ஒலி அலையும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

“தீயில் காய்ச்சக் காய்ச்ச நாதம் கூடும்.” தீ நாதத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. ஈரத்தை எடுக்கிறது, தோல் சுருங்கி விறைக்கிறது, சுருதி ஏறுகிறது. பங்குனி, சித்திரை வெயிலில் சும்மா வைத்தாலே தோல் விறைத்துவிடும். ஆனி, ஆடியில் தென்காசிப் பக்கம் சாரல் விழும்போது அதே தோல் நமத்துப்போகும். உச்ச மகுடத்துக்கு நல்ல காய்ச்சல் வேண்டும். மந்தத்துக்கு நமப்பு போகிற அளவு அனல் போதும். காய்ச்சாமலே விடலாமா என்றால் கூடாது. சுருதியே இல்லாத ‘தொப்’ என்ற ஓசைதான் மிஞ்சும், அதை மந்தம் என்று சொல்ல முடியாது. அதற்காக அளவு மீறிச் சுடவைத்தால் தோலின் நார் நிரந்தரமாகச் சுருங்கிவிடும், ஓரத்தில் ஒட்டு விடும். பிறகு எந்தக் கைவித்தையாலும் பழைய மென்மையை மீட்க முடியாது.

“பைபர் என்றால் கரகரப்பு, தோல் என்றால் இனிமை.” எனக்கும் தோல்தான் பிடிக்கும். ஆனாலும் இரும்பு வளையத்தில் பைபர் முகம் மாட்டிய பறையோடு மழையிலும் ஆடும் குழுக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர்களுக்குத் தீ மூட்ட இடமும் நேரமும் கிடைப்பதில்லை. இந்த வழக்கில் அமெரிக்க நரம்புக் கருவியான பேஞ்சோ நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட மக்களின் சுரைக்குடுக்கைக் கருவிகளிலிருந்து பிறந்தது அது. முகத்தில் தோல் போர்த்தியது. 1950களில் பாலியெஸ்டர் படலம் வந்ததும் மேளங்களைப் போல அதற்கும் செயற்கை முகம் வந்தது. வழவழப்பான வெறும் படலம் மேல் ஒலிகளை அடக்காது. அதனால் ஒலி பளிச்சென்று தெறிக்கும். மென்மை விரும்புகிறவர்கள் ஆட்டுத்தோலுக்குத் திரும்புகிறார்கள், அல்லது தோலைப்போல் நார் பதித்த படலம் வாங்குகிறார்கள். இரண்டுக்கும் முன்னால் அவர்கள் செய்வது செலவில்லாத வேலை: முகத்தைச் சற்றுத் தளர்த்துவார்கள், உள்பக்கம் முகத்தை ஒட்டி ஒரு துணியைச் சுருட்டிச் செருகுவார்கள். பைபர் பறைக்கும் இது அப்படியே பொருந்தும். கொஞ்சம் தளர்த்தி, உள்பக்க ஓரத்தில் சிறு துணித் துண்டு ஒட்டிப் பாருங்கள்.

மிருதங்கத்தின் இடது முகமான தொப்பியில் கச்சேரிக்கு முன் ரவைப் பசை அப்புவதும் இதே அறிவுதான். தோலை மாற்றாமல் நடுவில் மட்டும் கனம் சேர்த்துச் சுருதியை இறக்குகிறார்கள். வலது முகமான வலந்தலையின் நடுவில் உள்ள கருப்புப் பூச்சான கரணை மேல் ஒலிகளை இசைவான விகிதத்துக்குக் கொண்டுவருகிறது என்பதை சி.வி. ராமனும் சிவகாளி குமாரும் 1920இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். நம் கைவினைஞர்கள் அதை அதற்கு வெகுகாலம் முன்பே செவியால் கண்டுபிடித்துவிட்டார்கள்.

விரல் விழும் இடத்தையும் மறக்கக் கூடாது. நடுவுக்கு அருகே விழுந்தால் அடிப்படை ஒலி ஓங்கும், ஓரத்தில் விழுந்தால் மேல் ஒலிகள் ஓங்கும். எனவே மென்மை வேண்டும் என்பவர்களுக்கு என் வரிசை இது: முதலில் விறைப்பு, அடுத்து கை விழும் இடம், பிறகு ஒட்டுத்துணி போன்ற அடக்கம், கடைசியாகத்தான் புதுத் தோல்.

வரி கொடுத்துக் கொடை நடத்தும் வரிதாரர்களிடமும் மைக் செட்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். பின்பக்கம் திறந்த கருவியில் முன்னும் பின்னும் கிளம்பும் தாழ்ந்த ஒலி ஒன்றையொன்று கரைத்துக்கொள்ளும். அதனால் உச்சம் ஊர் எல்லை வரை கேட்கும்போது மந்தம் பந்தலைத் தாண்டாது. இரண்டு மகுடத்துக்கும் நடுவே ஒரே மைக்கை நட்டு, கூர்மையைக் கூட்டிவைத்தால் மந்தத்தை வாசிக்கிற கலைஞரின் இரவு முழுக்க வீண். மந்த மகுடத்துக்குத் தனி மைக் கொடுங்கள், பக்கத்தில் அனல் காட்ட ஓர் இடமும் ஒதுக்குங்கள்.