கணக்குப் பகுதி வேலையா? பொதுக் காரணியைத் தூசு தட்டுங்கள்

கல்முனை பஸாரில் மொத்தக் கடையிலோ ஹார்ட்வெயாரிலோ கணக்கு எழுதச் சேரப்போகும் தம்பி தங்கைகள், ஓ.எல். கணிதப் புத்தகத்தில் காரணிப்படுத்தல் பாடத்தை ஒருமுறை புரட்டிவிட்டுப் போங்கள். பரீட்சையோடு மறந்துபோன பாடம்தான். ஆனால் மேசையில் உட்கார்ந்த முதல் வாரமே தேவைப்படும்.

மருதமுனைக் கைத்தறிக்கு ஓடர் வருகிறது: 48 சாரி, 36 சாறன். சாரியின் விலை க, சாறனின் விலை ப என்றால் மொத்தம் 48க + 36ப. இரண்டை மட்டும் வெளியே எடுத்து 2(24க + 18ப) என்று எழுதினால் பிழையில்லை, ஆனால் வேலை முடியவில்லை. பொதுக் காரணிகளுள் பெரியது 12. ஆகவே 12(4க + 3ப). நாலு சாரி, மூன்று சாறன் வைத்து 12 பார்சல். ஒரு பார்சலுக்கு விலை சொன்னால் போதும்.

வற் வரியில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். பொருளின் விலை வ, வரி 18 வீதம். வ + 0.18வ என்பதில் வ பொதுக் காரணி, எனவே 1.18வ. வரியோடு சேர்ந்த பில் 11,800 ரூபா என்றால் அடிப்படை விலை காண 1.18 ஆல் வகுக்க வேண்டும்: 10,000. பலர் 11,800இல் 18 வீதத்தைக் கழித்து 9,676 என்று எழுதிவிடுவார்கள். 324 ரூபா காற்றில் போச்சு.

சம்பளப் பட்டியலும் இதே கதைதான். 40,000 ரூபா சம்பளத்துக்கு முதலாளி கட்டுவது ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) 12 வீதம், ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம். அவருக்கு ஆகும் செலவு 1.15 மடங்கு, 46,000. ஊழியரிடம் ஈ.பி.எஃப்.க்காக 8 வீதம் கழிவதால் அவர் கைக்கு வருவது 0.92 மடங்கு, 36,800. இரண்டு பெருக்கியையும் மனதில் வைத்திருங்கள்; மாற்றிப் போடாதீர்கள்.

எக்செல்லில் ஒவ்வொரு வரிசையிலும் 0.18 என்று தட்டாதீர்கள். விகிதத்துக்கு ஒரு தனிக் கட்டம் ஒதுக்கி, டாலர் குறியால் பூட்டி, கூட்டுத்தொகையை அதனால் பெருக்குங்கள். அடைப்புக்குறிக்கு வெளியே எடுப்பது என்றால் நடைமுறையில் இதுதான். 2022 ஜூனில் வற் 8இலிருந்து 12 ஆனது, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. விகிதத்தைத் தனிக் கட்டத்தில் போட்டிருந்தவர்கள் அந்த ஒரு கட்டத்தை மாற்றினார்கள். மற்றவர்கள் ஒவ்வொரு வரிசையாகத் தேடித் திருத்த வேண்டியதாயிற்று.

ஒரு எச்சரிக்கை. பில்லில் வரிவிலக்குள்ள பொருள் ஒன்று கலந்திருந்தால் அதை அடைப்புக்குறிக்குள் இழுக்கக்கூடாது. எல்லா உறுப்பிலும் இல்லாத காரணி பொதுக் காரணி ஆகாது. அந்தப் பொருளைத் தனி வரிசையில் வைத்து, வரி போட்ட பிறகு கூட்டுங்கள்.