கூரை போட எவ்வளவு முடியும்?

நீண்ட காலத்தின் பின் சொந்தக் காணிக்குத் திரும்பும் குடும்பங்கள் பலவற்றுக்கு அங்கே எஞ்சியிருப்பது சுவர் மட்டுமே. ஓடும் இராது, மரமும் இராது. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களுக்குச் சுவர்கூட மிஞ்சாத இடங்கள் உண்டு. 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியில் கூரைத் தகரத்தைக் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராய் அலைந்தவர்களுக்குக் கூரையின் பெறுமதியை நாம் சொல்லத் தேவையில்லை. ஆனால், செலவுக் கணக்கில் பலரும் ஏமாந்துபோகிறார்கள்.

தவறு பெரும்பாலும் அளவில் தொடங்குகிறது. வீட்டின் தரை 20 அடிக்கு 25 அடி, ஆகவே 500 சதுர அடிக்கு ஓடு வாங்கினால் போதும் என்று எண்ணுகிறோம். சுவருக்கு வெளியே நான்கு பக்கமும் 2 அடி தாழ்வாரம் விட்டால் அது 24 அடிக்கு 29 அடியாகிவிடும். கூரை சரிவாக ஏறுவதையும் சேர்க்க வேண்டும். நடுமுகடு தாழ்வார மட்டத்திலிருந்து 6 அடி உயர்ந்தால், ஒரு பக்கச் சரிவின் நீளம் 12 அடியல்ல, ஏறக்குறைய 13½ அடி. இரண்டு பக்கமும் சேர ஏறக்குறைய 780 சதுர அடி வருகிறது. கடைக்குப் போகுமுன் முகட்டிலிருந்து தாழ்வாரம் வரை கயிறு பிடித்து அளவுங்கள்.

சாதாரண ஓட்டில் 100 சதுர அடிக்கு 140 முதல் 150 வரை தேவைப்படும். நூற்றுக்கு ஐந்து உடைவுக்காகக் கூட்டுங்கள். முகட்டு ஓடு வேறு. லொறிக்கூலி, ஏற்றி இறக்கும் கூலி, ஓடாவியார் கூலி, ஆணி என்பனவும் உண்டு. இவற்றைத் தாளில் எழுதாமல் ஓட்டுக்கு முற்பணம் கொடுக்க வேண்டாம்.

ஓட்டைவிட மரத்தைப் பற்றியே கூடுதலாக யோசிக்க வேண்டும். 100 சதுர அடி ஓடு 350 கிலோவுக்கு மேல் நிறையுடையது. மேற்சொன்ன வீட்டின் மேல் இரண்டரைத் தொன்னுக்கு அதிகமாக ஏறப்போகிறது. மலிவென்று வைரமில்லாத பனஞ்சிலாகையை வாங்கினால் சில வருடங்களில் கறையான் தின்ன, கூரை நடுவில் தொய்ந்துவிடும். பிறகு ஓட்டை இறக்கி, மரம் மாற்றி, மறுபடி ஏற்ற வேண்டும். கூலி இரண்டு தரம்! சொந்தக் காணியில் நிற்கும் பனையானாலும், தறிக்குமுன் கிராம அலுவலரிடம் அனுமதி பற்றிக் கேளுங்கள்.

தகரம் பாரம் குறைந்தது, மரச்செலவும் குறையும். ஆனால் வெக்கை, கடலோரமென்றால் விரைவில் கறள் பிடிக்கும். பாரம் குறைந்ததாலேயே காற்று அதைத் தூக்கும். 1978 நவம்பர்ச் சூறாவளியைக் கண்ட மட்டக்களப்பு மக்கள் இதை மறந்திருக்கமாட்டார்கள். சுவர் கட்டும்போதே இரும்புக்கம்பியைப் புதைத்து, மேலே வரும் வளையை அதனுடன் இறுக்கிக் கட்டுங்கள். செலவு சொற்பம்.

கிடுகு கைச்செலவில் மிகக் குறைந்தது. ஆயினும் ஓரிரு வருடத்துக்கொருமுறை வேய வேண்டும். பத்து வருடத்துக் கிடுகையும் கூலியையும் கூட்டிப் பாருங்கள், பிறகு முடிவெடுங்கள். தென்னை உள்ள வீட்டுக்கு அது ஒரு கணக்கு, விலைக்கு வாங்கும் வீட்டுக்கு வேறு கணக்கு.

பழைய ஓடு கிடைத்தால் விட வேண்டாம். ஒவ்வொன்றையும் விரலால் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, அடைத்த சத்தம் வந்தால் வெடிப்பு உண்டு. பழைய அஸ்பெஸ்ரஸ் சீற்றை மட்டும் வாளால் அரியவோ உடைக்கவோ வேண்டாம். அதன் தூசு நுரையீரலில் தங்கிப் புற்றுநோயை உண்டாக்கும். கழற்ற வேண்டியிருந்தால் தண்ணீர் தெளித்து நனைத்து, முழுச் சீற்றாகவே இறக்குங்கள். பிள்ளைகளைத் தூர நிறுத்துங்கள்.

முழுப்பணம் கையில் இல்லாதவர்கள் என்ன செய்வது? வட்டிக்கு எடுத்து ஒரேயடியாக ஓடு போடுவதை நாம் விரும்பவில்லை. ஒரு போகம் பிழைத்தால் காணியே ஈடு போகும். மரத்தை ஓட்டுக்கு ஏற்ற சரிவிலும் பலத்திலும் இப்போதே போடுங்கள். ஓடாவியாரிடம் மாதிரி ஓடொன்றைக் கொடுத்தால் சிலாகை இடைவெளியை அதற்கேற்ப அடிப்பார். இவ்வருட மழைக்குப் பழைய தகரமோ கிடுகோ மேலே கிடக்கட்டும். அறுவடைப் பணம் வரும்போது முதலில் படுக்கும் அறைப் பக்கத்துக்கு ஓடு போடலாம். எப்படியானாலும் வேலையைப் புரட்டாதிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் மழை வந்தால் ஓடாவியாரும் கிடையார், நனைந்த மரமும் முறுகும்.