பரணில் கிடைத்த பழைய மேட்ச்பாக்ஸ் கார்

கேள்வி: அப்பா சின்ன வயதில் விளையாடிய உலோகக் கார் ஒன்று பரணில் கிடைத்தது. அடியில் ‘மேட்ச்பாக்ஸ், லெஸ்னி’ என்றிருக்கிறது. பெயின்ட் உரிந்து, சக்கரம் இறுகிக் கிடக்கிறது. புதுசாக்கலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: மேட்ச்பாக்ஸ் கார்களைத் தயாரித்த லெஸ்னி நிறுவனம் 1982-ல் நொடித்துப்போனது. எனவே உங்கள் கார் 40 வயதைத் தாண்டியது. பெயின்ட் பெரும்பாலும் இருந்தால், சோப்புத் தண்ணீரில் கழுவுவதோடு நிறுத்துங்கள். சேகரிப்பாளர்கள் ஒரிஜினல் பெயின்ட்டுக்குத்தான் விலை தருவார்கள்.

முற்றிலும் உரிந்திருந்தால் துணிந்து இறங்கலாம். அடித்தகட்டைப் பிடித்திருப்பது ரிவெட். அதன் தலையை மட்டும் டிரில்லால் மெதுவாகச் சீவ வேண்டும். கை நடுங்கினால், உங்கள் ஊர்ப் பூட்டுப் பட்டறையில் கொடுங்கள். ரிவெட் வேலை அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. திரும்பப் பொருத்த, ரிவெட் இருந்த தூணில் துளையிட்டுச் சின்ன ஸ்க்ரூ போடலாம்.

பழைய பெயின்ட்டை பெயின்ட் ரிமூவரால் எடுங்கள்; கையுறை அவசியம். பித்தளைக்குப் போடும் புளியோ, ஆசிட்டோ, காஸ்டிக் சோடாவோ வேண்டாம். கார் துத்தநாகக் கலவை, அவை அரித்துவிடும். பழைய பெயின்ட்டில் காரீயம் இருக்கலாம். உலர்ந்தபடி உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

நன்றாகக் காய்ந்ததும் பிரைமர், பிறகு மெல்லிசாக இரண்டு, மூன்று கோட் பெயின்ட். அச்சுக்கம்பியில் துருவை நீக்கித் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள்.

பந்தயக்கார் வேஷம் போட ஆசையென்றால், கடையில் விற்கும் மலிவான புதுக் காரில் பழகுங்கள். அப்பாவின் கார் அதன் பழைய நிறத்திலேயே இருக்கட்டும்.