பழைய பாக்கி

சீப்பைப் பார்த்து நீ அழுவதாக உன் அம்மா சொன்னாள், கண்ணு. இரண்டு பெற்று, இரண்டு முறையும் அழுதவள் இந்தப் பெரியம்மா.

1. முதலில் கணக்கைப் புரிந்துகொள். யாருக்கும் நாளுக்கு 50 முதல் 100 முடி உதிரும். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறி நிற்பதால், விழ வேண்டியதும் விழாமல் தங்கிவிடும். வளைகாப்பன்று உன் பின்னல் அவ்வளவு தடிமனாக இருந்தது அதனால்தான். பிரசவத்தோடு ஈஸ்ட்ரோஜன் இறங்கிவிட, இரண்டு மூன்று மாதம் கழித்துப் பாக்கியெல்லாம் மொத்தமாக விழுகிறது. வேர் சாவதில்லை.

2. பிள்ளைமேல் பழி போடாதே. பிள்ளை முகம் பார்த்துச் சிரித்தால் தாய்க்கு முடி கொட்டும் என்பார் என் மாமியார். இரண்டும் ஒரே சமயத்தில் வருகின்றன, அவ்வளவுதான். தாய்ப்பாலும் காரணமில்லை. என் நாத்தனார் இதற்காகப் பாலை நிறுத்தியபோது "சரிதான்" என்றவள் நான். முடி கொட்டுவது நிற்கவில்லை; பால்தான் நின்றது.

3. எண்ணாதே. நான் எண்ணினேன். 200ஐத் தாண்டிய அன்று பயந்து தலைக்குக் குளிப்பதையே விட்டேன். பத்து நாள் கழித்துக் குளித்தால் அத்தனையும் சேர்ந்து வந்து ஜலதாரையை அடைத்தது.

4. உதிர்ந்த முடியால் ஆபத்து பிள்ளைக்குத்தான். என் இளையவன் ஓர் இரவு முழுக்க வீறிட்டான். வயிற்றுவலி என்று நானே முடிவு செய்து ஓம வாட்டர் புகட்டிக்கொண்டிருந்தேன். விடிந்து காலுறையைக் கழற்றினால், கால்விரலில் என் முடி ஒன்று இறுகச் சுற்றி, விரல் நாவற்பழமாய் வீங்கியிருந்தது. மருத்துவர்தான் எடுத்தார். காரணம் தெரியாமல் அழுதால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார். முடி சுற்றியிருந்து எடுக்க வராவிட்டால் உடனே மருத்துவமனைக்கு ஓடு.

5. வாய்திறந்து கேள். பிள்ளைக்கு ஒரு வயதாவதற்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகாவிட்டாலோ, வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, களைப்பும் படபடப்பும் சேர்ந்தாலோ மருத்துவரிடம் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொல். பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் மறைக்காதே; தைராய்டு பரிசோதனையின் முடிவை அது குழப்பும். இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடு விழுங்காதே. பெற்றவளுக்குக் களைப்பு இருக்காதா என்று வீட்டில் சொன்னதை நம்பி, எட்டு மாதம் ரத்தசோகையோடு நடமாடியவள் நான்.

6. இறுக்கிப் பின்னாதே, தளர முடி. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். முதலில் நெற்றியோரம் குச்சிகுச்சியாக நிற்கும், எண்ணெய்க்கும் படியாது. பெரியவனுக்கு மொட்டையடித்துக் காது குத்திய படத்தில் என் நெற்றி முழுக்க அந்தக் குச்சிமுடிதான். கூடத்தில் இன்னும் மாட்டியிருக்கிறேன், வரும்போது பார்.