சுக்கான் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும்

கேள்வி: காஞ்சிபுரத்தில் குழித்தறியில் பட்டு நெய்துவந்தேன். முதுகுத்தண்டில் அடிபட்டபின் சக்கர நாற்காலிதான். முட்டுக்காடு போன்ற கழியில் ஓட்ட ஒரு சிறு பாய்மரப் படகு செய்து தருவதாக நண்பர்கள் சொல்கிறார்கள். எப்படி அமைக்கச் சொல்லட்டும்?

பதில்: உங்களை ஏற்றிச் சுற்றிக் காட்டும் படகு வேண்டாம்; நீங்களே ஓட்டும் படகு வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அது நடக்கக்கூடியதே. கழுத்துக்குக் கீழே செயலிழந்த ஹிலாரி லிஸ்டர், மூச்சை உறிஞ்சியும் ஊதியும் இயக்கும் கருவியைக் கொண்டு 2009-ல் தனியாகப் பிரிட்டனைப் படகில் சுற்றிவந்தார்.

முன்மாதிரிக்கு ஆஸ்திரேலியரான கிறிஸ் மிட்செல் வடிவமைத்த ஹான்ஸா 303 படகைப் பாருங்கள். நீளம் சுமார் 3 மீட்டர். இருவர் அருகருகே அமரலாம், சுக்கானுக்கு ஜாய்ஸ்டிக்.

நிலைத்தன்மை: சாதாரணப் பாய்மரப் படகு சாயும்போது, ஓட்டுபவர் மறுபக்கம் நகர்ந்து எடையைச் சரிக்கட்டுவார். உங்கள் படகில் அந்த வேலையைப் படகே செய்ய வேண்டும். படகின் நடுவில் நீருக்குள் இறங்கும் நடுப்பலகையின் அடியில் எடை வையுங்கள், இருக்கையைத் தாழ்த்துங்கள். தரைமட்டத்தில் அமர்ந்து நெய்தவருக்கு அந்தத் தாழ்வு பழகியதுதான். ஆழம் குறைந்த இடத்தில் பலகையைத் தூக்க வேண்டிவரும். தூக்கினால் படகு ஆடும். அப்போது பாயைச் சுருட்டிவிடுங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே கயிற்றை இழுத்து, பாயைப் பாய்மரத்தில் சுற்றும் வசதி அவசியம்.

ஏறி இறங்குதல்: படகு நன்றாக அமைந்தும் பலர் கரையிலேயே நின்றுவிடுவது இதனால்தான். நாலு பேர் தூக்கி வைப்பதை நம்பாதீர்கள். துறைக்கு 1:12 சாய்தளம் வேண்டும்: ஒரு மீட்டர் இறக்கத்துக்கு 12 மீட்டர் நீளம். நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும் மிதவை மேடை இருந்தால் நல்லது. மேடையிலிருந்து படகு விளிம்புக்கு, நாற்காலி இருக்கையின் உயரத்தில், உட்கார்ந்தபடியே நகர்ந்து மாற ஒரு பலகை போடுங்கள். படகை அசையாமல் இருபுறமும் கட்டிய பிறகே நகருங்கள்.

உடல்: உணர்ச்சியற்ற தோலில் புண் வருவது தெரியாது. மெத்தை, மூடிய காலணி இரண்டும் கட்டாயம். அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காமல் போகலாம் என்பதால் வெயில் ஆபத்து. காலையில் போங்கள், ஈரத்துணி வைத்துக்கொள்ளுங்கள். முகத்தை மேல்நோக்கித் திருப்பும் லைஃப் ஜாக்கெட் அணியுங்கள். படகு கவிழ்ந்தால் வெளியேற வேண்டும். எனவே ஒரே இழுப்பில் கழலாத பெல்ட் எதுவும் கூடாது. மீட்புப் படகு இல்லாமல் பாய் விரிக்காதீர்கள்.

படகுக்கு அச்சு வார்க்கும் முன் பிளைவுட்டில் ஒரு மாதிரி செய்து தரையில் வையுங்கள். அதில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். பிறகு வீட்டார் உங்கள் தோலைச் சோதிக்கட்டும். கை எட்டும் இடங்களைச் சாக்பீஸால் குறியுங்கள். ஒவ்வொரு கயிறும் அந்தக் குறிக்குள் வந்து முடிந்தால் மட்டும் வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.