பாடம் 9: அச்சம் அகற்றும் காபிக்கடை

தென் கொல்கத்தாவில் மக்கள் நடமாட்டம் மிகுந்த இடம் கரியாஹாட். வங்க மொழியில் 'ஹாட்' என்றால் சந்தை. அதற்கு மேற்கே, தமிழர் வாழையிலையும் கறிவேப்பிலையும் வாங்கும் லேக் மார்க்கெட் உள்ளது. தெற்கே ஜோத்பூர் பார்க் உள்ளது. 2018ஆம் ஆண்டில் ஜோத்பூர் பார்க்கில், வண்டி நிறுத்தும் சிறிய அறை ஒன்றில் 'கஃபே பாசிட்டிவ்' என்னும் காபிக்கடை திறக்கப்பட்டது. பின்னர் அது கரியாஹாட்டை அடுத்த பாலிகஞ்சுக்கு மாறியது.

இக்கடையை நடத்துவோர் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழும் இளைஞர்கள். 'ஆஃபர்' என்னும் தொண்டு நிறுவனத்தின் 'ஆனந்தகர்' இல்லம் இத்தகைய குழந்தைகளை வளர்த்து வருகிறது. பதினெட்டு வயது நிறைந்தவர்கள் சொந்தக் காலில் நிற்க வேண்டும். ஆனால் தொற்று உள்ளவர் என்று தெரிந்தால் வேலை தருவோர் தயங்குவர். ஆகவே, அந்நிறுவனத்தை நிறுவிய கல்லோல் கோஷ் அவர்களுக்கென ஒரு கடையையே உருவாக்கினார். அவர்கள் தம் நிலையை மறைக்கவில்லை; கடையின் பெயரே அதனை அறிவிக்கிறது.

அவர்கள் தரும் காபியை அருந்தினால் தொற்று வருமா? வராது. உணவு, தொடுதல், ஒரே கோப்பை, கொசுக்கடி ஆகியவற்றால் எச்.ஐ.வி. பரவுவதில்லை. பாதுகாப்பற்ற உடலுறவு, பரிசோதிக்கப்படாத இரத்தம், பிறர் பயன்படுத்திய ஊசி ஆகியவற்றாலும், தாயிடமிருந்து குழந்தைக்கும் அது பரவக்கூடும். நாள்தோறும் கூட்டு மருந்து உட்கொள்வோர் நெடுங்காலம் நலமுடன் வாழ இயலும்.

பாதிக்கப்பட்டவர்களே முன்வந்து பேசிய வரலாறு தமிழகத்திலும் உண்டு. இந்தியாவில் இத்தொற்று முதன்முதலில் 1986ஆம் ஆண்டு சென்னையில் கண்டறியப்பட்டது. அக்காலத்தில் தொற்றாளரின் பெயரைச் சொல்லவே பலர் அஞ்சினர். அந்நிலையில், தொற்றுக்கு ஆளான கௌசல்யா பெரியசாமி, தம்மைப் போன்ற பெண்கள் சிலருடன் இணைந்து 1998இல் 'பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்' என்னும் அமைப்பைச் சென்னையில் தொடங்கினார். ஒருவருக்கொருவர் ஆறுதலாக நின்ற பெண்கள், தம் உரிமைகளுக்காகவும் குரல் கொடுத்தனர்.

2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாக வழங்கப்படலாயிற்று. 2017இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் 2018 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. கல்வி, வேலை, மருத்துவம், வாடகை வீடு ஆகியவற்றில் தொற்றாளரிடம் பாகுபாடு காட்டுவதை அது தடை செய்கிறது. ஒருவருடைய நிலையை அவர் இசைவின்றி வெளியிடுவதையும் அது பொதுவாகத் தடை செய்கிறது. சட்டம் உரிமையை வழங்கும். அண்டை வீட்டாரின் அன்பை அது வழங்க இயலாது. அதனை நாமே வழங்க வேண்டும்.

அருஞ்சொற்பொருள்
தொற்று – ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவும் நோய்
பாகுபாடு – வேற்றுமை காட்டி நடத்துதல்
இசைவு – சம்மதம்

வினாக்கள்
1. 'ஹாட்' என்னும் வங்கச் சொல்லின் பொருள் யாது?
2. எச்.ஐ.வி. எவ்வழிகளில் பரவுவதில்லை?
3. 'கஃபே பாசிட்டிவ்' ஏன் தொடங்கப்பட்டது?
4. 2017ஆம் ஆண்டுச் சட்டம் எவற்றைத் தடை செய்கிறது?

பிரித்து எழுதுக
காபிக்கடை, வாழையிலை, கொசுக்கடி

சிந்தித்து எழுதுக
ஒரு மாணவருக்கு எச்.ஐ.வி. இருப்பதாக வகுப்பில் வதந்தி பரவுகிறது. அவரருகே அமரச் சிலர் மறுக்கின்றனர். வகுப்புத் தலைவர் என்ற முறையில் நீங்கள் என்ன பேசுவீர்கள்? ஐந்து வரிகளில் எழுதுக.