ஒரு மணி நேர விமானப் பயணமும் உங்கள் செவிப்பறையும்

மாணவ நண்பர்களே, உங்களில் சிலர் இந்த விடுமுறையில் முதன்முறையாக விமானம் ஏறவிருக்கலாம். சென்னையிலிருந்து கோவைக்குக் குறைந்த கட்டண விமானம் ஒன்றில் செல்வதாக வைத்துக்கொள்வோம். வான்வழித் தொலைவு சுமார் 430 கி.மீ. கதவை மூடியதிலிருந்து மறுபடி திறக்கும் வரை ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். இதில் தரையில் உருளும் நேரத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள். மேலே ஏற ஏறத்தாழ 20 நிமிடம். இறங்க 20 முதல் 25 நிமிடம். ஒரே மட்டத்தில் பறப்பது பத்து, பதினைந்து நிமிடந்தான்! குறுந்தூர விமானம் என்பது பறக்கும் வண்டி என்பதைவிட, ஏறி இறங்கும் வண்டி என்பதே பொருந்தும்.

ஏறுவதற்கு எவ்வளவு ஆற்றல் வேண்டும்? உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள இரண்டு சூத்திரங்களே போதும். 180 பேர் அமரும் ஏர்பஸ் 320 விமானம், பயணிகளும் எரிபொருளும் சேர்ந்து சுமார் 60 டன் இருப்பதாகக் கொள்வோம். அதை 9 கி.மீ. உயர்த்தத் தேவையான நிலையாற்றல், நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம். முடுக்கத்தை 10 என்று கொண்டால் 540 கோடி ஜூல் வருகிறது. வினாடிக்கு 220 மீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் 145 கோடி ஜூல். மொத்தம் 685 கோடி. ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் சுமார் 4.3 கோடி ஜூல் கிடைக்கும். ஆனால் எஞ்சின் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான் பயனுள்ள வேலையாக மாற்றும். கணக்கிட்டால், ஏற்றத்துக்கு மட்டும் 480 கிலோ, தலைக்கு 2.7 கிலோ. காற்றின் தடையை இதில் நான் சேர்க்கவில்லை.

இந்த ஆற்றல் முழுவதும் வீணாகிவிடுமோ என்று கேட்பீர்கள். இல்லை. சறுக்குமரத்தில் ஏணிப் படியேறிய சிறுவன் சறுக்கி வருவதுபோல, விமானமும் சேமித்த நிலையாற்றலைச் செலவிட்டுக்கொண்டே இறங்குகிறது. கோவைக்குப் போகும்போது ஏறத்தாழ சேலத்தின் பக்கம் வந்ததுமே எஞ்சின்களின் ஓசை திடீரெனத் தணியும். முதன்முறை செல்பவர் நெஞ்சு ஒரு கணம் திடுக்கிடும். பயப்பட வேண்டாம், எஞ்சின் நிற்கவில்லை, விசையைக் குறைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இந்த ஓசைத் தணிவை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது நமக்கு வேண்டும்.

இப்போது உங்கள் பைக்கு வருவோம். பெரும்பாலான உள்நாட்டுப் பயணச்சீட்டுகளில் 7 கிலோ கைப்பையும் 15 கிலோ பெட்டியுமே அனுமதி. எடை மிகுந்தால் தனிக் கட்டணம். இவ்வளவு கண்டிப்புக்குக் காரணம் எரிபொருளா? 7 கிலோ பையை 9 கி.மீ. தூக்க 6.3 இலட்சம் ஜூல். அதாவது சுமார் 45 கிராம் எரிபொருள். காற்றில் 430 கி.மீ. சுமந்து செல்வதையும் சேர்த்தால்கூட 200 கிராமைத் தாண்டாது. ஒரு டம்ளர் எண்ணெய்! ஆகவே, கூடுதல் எடைக்கு வாங்கும் கட்டணத்தில் இயற்பியலின் பங்கு சிறிது, வாணிபத்தின் பங்கு பெரிது என்பது என் கருத்து. (180 பேரும் ஆளுக்கு 7 கிலோ கூடுதலாகக் கொண்டுவந்தால் அது 1,260 கிலோ. அப்போது கதை வேறு.)

கட்டணம் குறைவதன் உண்மையான இரகசியம் தரையில் இருக்கிறது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் 1971-ல் பறக்கத் தொடங்கிய சவுத்வெஸ்ட் நிறுவனத்திடம் நான்கு விமானங்கள் இருந்தன. 1972-ல் பணமுடையால் ஒன்றை விற்க நேர்ந்தது. ஆனால் பயணங்களைக் குறைக்க அவர்களுக்கு மனமில்லை. எனவே இறங்கிய விமானத்தைப் பத்தே நிமிடத்தில் மறுபடி புறப்படச் செய்து, நான்கு விமானங்களின் வேலையை மூன்றைக் கொண்டு முடித்தார்கள். தரையில் நிற்கும் விமானம் ஒரு காசு சம்பாதிப்பதில்லை. பெரிய பைகளை மேல் அறையில் திணிக்க ஒவ்வொருவரும் அரை நிமிடம் எடுத்தால் அந்தப் பத்து நிமிடம் என்ன ஆகும்? இந்தியாவில் குறைந்த கட்டணப் பயணத்தை 2003-ல் ஏர் டெக்கான் தொடங்கிவைத்தது. அதை நிறுவிய கேப்டன் கோபிநாத்தின் வாழ்க்கையைத் தழுவித்தான் 2020-ல் ‘சூரரைப் போற்று’ திரைப்படம் வந்தது. கட்டணம் குறைவு என்பதால் பாதுகாப்பு விதிகள் குறைவதில்லை. எல்லா நிறுவனங்களுக்கும் விதி ஒன்றே.

எண்ணெயும் நேரமும் நிறுவனத்தின் கவலை. ஏற்ற இறக்கத்தில் உங்கள் கவலை ஒன்று உண்டு. அது உங்கள் காது.

9 கி.மீ. உயரத்தில் வெளியே வெப்பநிலை சுமார் −43 டிகிரி செல்சியஸ். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கை விடக் குறைவு. அந்தக் காற்றில் நாம் சில நிமிடங்களுக்குள் நினைவிழந்துவிடுவோம். ஆகவே எஞ்சினின் அமுக்கிப் பகுதியிலிருந்து காற்றை எடுத்து, குளிர்வித்து, பயணிகள் அறைக்குள் செலுத்துகிறார்கள். பின்பகுதியில் உள்ள ஒரு வால்வு வேண்டிய அளவு காற்றை வெளியே விட்டு அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் உள்ளே கடல்மட்ட அழுத்தத்தையே வைத்திருந்தால் விமானத்தின் உடல் பலூனைப் போல விம்மும். அதைத் தாங்கக் கனமான உலோகச் சுவர் தேவைப்படும். எனவே ஒரு சமரசம்: உள்ளழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குக் கீழே போகலாகாது. குறுந்தூரப் பயணத்தில் பெரும்பாலும் அவ்வளவு கூட ஏறுவதில்லை. சுருங்கச் சொன்னால், நாற்காலியில் அமர்ந்தபடியே கோத்தகிரிக்கு ஏறி, உடனே மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகிறீர்கள்.

செவிப்பறைக்குப் பின்னால் நடுச்செவி என்னும் சிறு காற்றறை இருக்கிறது. அதைத் தொண்டையின் மேற்பகுதியோடு இணைப்பது யூஸ்டேஷியன் குழல். ஏறும்போது நடுச்செவிக் காற்று விரிந்து, குழலைத் தானே தள்ளித் திறந்துகொண்டு வெளியேறும். ‘பொட்’டென்று ஒலி கேட்கும், தொல்லை இல்லை. இறங்கும்போதோ வெளி அழுத்தம் கூடக்கூடக் குழலின் மெல்லிய வாய் இன்னும் இறுக மூடிக்கொள்கிறது. சைக்கிள் டியூபின் வால்வைப் போல, ஒரு திசையில்தான் எளிதாகத் திறக்கும். நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் தசைகள் அதை இழுத்துத் திறக்கின்றன.

உறங்கிவிட்டால்? கோவையில் இறங்கும்போது அழுத்த வேறுபாடு 110 மி.மீ. பாதரசம் என்று கொள்வோம். செவிப்பறையின் பரப்பு சுமார் 60 சதுர மி.மீ. பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 0.9 நியூட்டன். 0.1 மி.மீ. தடிப்பே உள்ள ஒரு சவ்வின்மேல் இரண்டு கோழிமுட்டை எடை! இதைவிட முக்கியமான செய்தி ஒன்று: வேறுபாடு 90 மி.மீ. அளவுக்கு வளர விட்டுவிட்டால், பிறகு எவ்வளவு விழுங்கினாலும் குழல் திறப்பது அரிது. முதலிலேயே தொடங்கிவிட வேண்டும். எஞ்சின் ஓசை தணிகிறதல்லவா, அதுதான் அடையாளம். அந்தக் கணம் முதல் அடிக்கடி விழுங்குங்கள், மிட்டாய் சப்புங்கள். அடைப்புத் தெரிந்தால் மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாக ஊதுங்கள். 1704-ல் இத்தாலிய மருத்துவர் வால்சால்வா விவரித்த முறை இது. பலமாக ஊதக்கூடாது. பக்கத்தில் கைக்குழந்தை இருந்தால், இறங்கும் நேரத்தில் பால் கொடுக்கும்படி தாயிடம் சொல்லுங்கள். குழந்தை வீரிட்டு அழுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். கடும் சளி இருந்தால் குழலின் வாயே வீங்கியிருக்கும். மருத்துவரைக் கேளாமல் ஏற வேண்டாம். நான் ஒருமுறை சளியோடு ஏறி, உறங்கியும் விட்டேன். இரண்டு நாள் வகுப்பில் மாணவர் கேட்ட கேள்வி எதுவும் என் வலக்காதில் விழவில்லை.

அறையின் அழுத்தத்தை நீங்களே அளக்கலாம். மெல்லிய பிளாஸ்டிக்கில் செய்த ஒரு லிட்டர் காலிப் புட்டியைக் கொண்டு செல்லுங்கள். விமானம் சமமட்டத்தில் பறக்கும்போது மூடியைத் திறந்து, மறுபடி இறுக மூடிவிடுங்கள். கோவையில் அது சப்பிப் போயிருக்கும். திறக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய், வாளித் தண்ணீரில் தலைகீழாக அமிழ்த்தி, நீருக்குள்ளேயே மூடியைத் திறங்கள். தண்ணீர் உள்ளே ஏறும். புட்டி பழைய வடிவம் பெறும். உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் சமமாகும்படி பிடித்து, மூடியிட்டு எடுத்து, ஏறிய நீரை அளவுக் குவளையில் அளந்து பாருங்கள். 150 மி.லி. என்றால், மூடியபோது 1,000 மி.லி. இருந்த காற்று இப்போது 850 ஆகியிருக்கிறது. பாயில் விதிப்படி அறையின் அழுத்தம் கோவை அழுத்தத்தில் 85 விழுக்காடு. கோவை விமான நிலையம் சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே அழுத்தம் 760 அல்ல, சுமார் 724 மி.மீ. எனவே அறையில் 615 மி.மீ.; ஏறத்தாழ 1,750 மீட்டர் உயர மலையின் காற்று.

விமான அறையின் வெப்பநிலையும் உங்கள் வீட்டு வாளியின் வெப்பநிலையும் ஒன்றாக இருக்காது. அந்தத் திருத்தத்தை நான் இங்கே செய்யவில்லை. விடையில் அது எத்தனை மி.மீ. வேறுபாட்டை உண்டாக்கும் என்பதைச் சார்லஸ் விதியைக் கொண்டு நீங்கள் கணக்கிடுங்கள்.